எம்.எல்.ஏ.விடம் எதைக் கேட்க வேண்டும்?

பெருந்துறைப் பக்கம் வக்கீல் தொழில் பார்க்கிறேன். "எம்.எல்.ஏ.கிட்டக் குடுக்கோணும், ஒரு மனு எழுதிக் குடுங்க" என்று கேட்டுப் பலர் வருவார்கள். அப்படி வந்த ஒரு அம்மா, எழுதி வைத்திருந்த தாளை நீட்டினார். முக்கால் பக்கம் வாழ்த்து. கடைசியில் ஒரு வரி: "என் காட்டுக்குப் பட்டா மாத்தித் தரவும்." (காடு என்றால் எங்கள் பக்கம் விவசாய நிலம்.) சர்வே எண் இல்லை, பத்திர எண் இல்லை.

"இது தாசில்தார் ஆபீஸ் வேலைங்கம்மா" என்றேன். "ஓட்டுக் கேட்டு வந்தவரு அவருதானுங்களே?" என்றார். நியாயமான கேள்விதான்.

பட்டா மாற்றும் அதிகாரம் எம்.எல்.ஏ.வுக்குக் கிடையாது. தாசில்தார் மறுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. இந்த வழியைப் போட்டுக் கொடுத்தது 1983ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டம். அந்தச் சட்டத்தைச் செய்தது எம்.எல்.ஏ.க்கள் உட்காரும் சபை. சட்டம் செய்வது, வரவு செலவுக்கு ஒப்புதல் தருவது, அமைச்சரைக் கேள்வி கேட்பது: சட்டமன்ற உறுப்பினரின் பலம் இந்த மூன்றில் இருக்கிறது.

அந்தச் சபையின் கவனத்தைத் திருப்ப நம் விவசாயிகள் என்ன பாடு பட்டார்கள் என்பதற்கு மொடக்குறிச்சி சாட்சி. 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரு தொகுதியில் மட்டும் 1,033 வேட்பாளர்கள். கோரிக்கைகளை யாரும் காதில் வாங்காத கோபத்தில் விவசாயிகள் கூட்டங்கூட்டமாக வேட்புமனுத் தாக்கல் செய்தார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டி வந்தது, தேர்தலே தள்ளிப்போனது. அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய். அதே ஆண்டு அது 5,000 ஆனது, இன்று 10,000. போட்டியிடுவது கடினமானது. கோரிக்கை வைக்கும் வழி மட்டும் பலருக்கு இன்றும் தெரியவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கீழ்பவானிக் கிளை வாய்க்கால் உடைந்து கிடக்கிறதா? அது எம்.எல்.ஏ.விடம் கொண்டுபோக வேண்டிய விஷயம். எந்த ஊர், எத்தனை ஏக்கர் பாதிப்பு, பொறியாளருக்கு எந்தத் தேதியில் எழுதினீர்கள், என்ன பதில் வந்தது, எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். "இதைச் சபையில் கேள்வியாகவோ கவன ஈர்ப்பாகவோ எழுப்ப வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள். கவன ஈர்ப்பு என்பது அவசரமான ஒரு பிரச்சினைக்குச் சபையில் அமைச்சரிடம் பதில் கேட்கும் முறை. அமைச்சர் சபையில் எழுந்து செய்து தருவதாகச் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. நிறைவேறியதா என்று துறையைக் கேட்கச் சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. ஆகவே பதில் வந்த தேதியைக் குறித்து வையுங்கள். பேரவைக்கு மனுக்கள் குழுவும் உண்டு. அது மாவட்டத்துக்கு வரும்போது பொதுப் பிரச்சினைகளை நேரடியாகவே அதனிடம் கொடுக்கலாம்.