ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்த ஈமெயில்

"தம்பி, இந்த வசனம் எப்ப உள்ளுக்க வந்தது?"

விசாரணை முடிந்து கவுன்சில் கட்டடத்தின் படிகளில் இறங்கும்போது ஒரு கடைக்கார அண்ணை என்னிடம் கேட்டார். இரவு 11 மணி வரை மது விற்க உரிமம் வைத்திருந்தவர், அதை 1 மணி வரை நீட்டித் தரும்படி விண்ணப்பித்திருந்தார். பொலிஸ் ஆட்சேபித்தது. அவர்கள் கடிதத்தில் பாதி, கவுன்சிலின் லைசென்சிங் கொள்கையிலிருந்து அப்படியே எடுத்த வரிகள்: குடியிருப்புத் தெருக்களில் உள்ள ஆஃப் லைசென்ஸ் கடைகளுக்கு (மதுவை வாங்கி வெளியே கொண்டுபோகும் கடைகளுக்கு) 11 மணிதான் பொருத்தம் என்று. அந்த வசனம் கொள்கைக்குள் போய் இரண்டு வருடமாகியிருந்தது. வரைவு வந்தபோது கருத்துக் கேட்டு அவருக்கும் ஈமெயில் அனுப்பியிருந்தார்கள். பிறகு தேடிப் பார்த்தோம். திறக்காமலே கிடந்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடை, உணவகம், மண்டபம் நடத்தும் நம்மவர்களுக்காக லைசென்ஸ் வேலை பார்ப்பவன் நான். (ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் சட்டம் வேறு.) கடை வாசலில் 28 நாள் ஒட்டும் நீலத் தாள் எல்லோருக்கும் தெரியும். கொள்கை மறுபரிசீலனை என்று ஒன்று நடப்பது பத்தில் ஒருவருக்குத்தான் தெரிகிறது என்பது என் கணிப்பு.

2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டத்தின் ஐந்தாம் பிரிவுப்படி ஒவ்வொரு கவுன்சிலும் தன் லைசென்சிங் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது அதைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு இது மூன்று வருடம். 2011இல் வந்த சட்டம் ஐந்தாக்கியது. இடையில் தேவைப்பட்டாலும் மாற்றலாம். மாற்றுமுன் பொலிஸ், தீயணைப்புத் துறை, பொதுச் சுகாதாரத் துறை ஆகியவற்றோடு உரிமம் வைத்திருப்போரின் பிரதிநிதிகள், அங்கே தொழில் செய்வோர், குடியிருப்போர் ஆகியோரின் பிரதிநிதிகளையும் கேட்டாக வேண்டும். கேட்பது சட்டக் கட்டாயம். பதில் சொல்வது உங்கள் கையில்.

கொள்கை சட்டமல்ல. யாரும் ஆட்சேபிக்காத விண்ணப்பத்தை, கட்டாய நிபந்தனைகளோடும் நீங்களே விண்ணப்பத்தில் எழுதியவற்றோடும் கவுன்சில் கொடுத்தே ஆக வேண்டும். கொள்கையைக் காட்டி மறுக்க முடியாது. 2005இல் கன்டபரி நகர கவுன்சிலுக்கு எதிரான வழக்கில் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆனால் ஒரேயொரு செல்லுபடியான ஆட்சேபம் வந்துவிட்டாலும் விசாரணை நடக்கும். அப்போது மேசையில் முதலில் விரிக்கப்படுவது அந்தக் கொள்கைதான். விசாரிக்கும் கவுன்சில் உறுப்பினர்கள் அதைவிட்டு விலகலாம், விலகினால் காரணம் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில், காரணம் எழுதும் சிரமத்துக்கு அவர்கள் எளிதில் போவதில்லை.

வரைவு வந்தால் என்ன பார்ப்பது? முன்னுரையை விட்டுவிடுங்கள், ஊரின் அழகைப் பற்றித்தான் இருக்கும். நேரே இடவாரியான நேர வரம்புகளுக்குப் போங்கள். பிறகு மாதிரி நிபந்தனைகள்: 6.5 சதவீதத்துக்கு மேற்பட்ட பியர், சைடர் விற்கக்கூடாது, தனிக் கேன் விற்கக்கூடாது, சி.சி.டி.வி. பதிவை 31 நாள் வைத்திருக்க வேண்டும். உணவகமானால் இரவு 11 முதல் காலை 5 வரை சூடான உணவோ பானமோ விற்பதும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்பதை மறக்காதீர்கள். சொட்டு மது இல்லாத கொத்துரொட்டிக் கடைக்கும் இது பொருந்தும்.

மிகக் கவனமாகப் படிக்க வேண்டியது 'கியூமுலேட்டிவ் இம்பாக்ட்' என்ற பகுதி. ஒரு தெருவில் உரிமம் பெற்ற இடங்கள் மிஞ்சிவிட்டன, இன்னொன்று வந்தால் தொல்லை கூடும் என்று கவுன்சில் ஆதாரத்தோடு அறிவிப்பது. 2018 ஏப்ரலிலிருந்து இதற்குச் சட்டத்திலேயே இடமுண்டு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். புதிய விண்ணப்பத்துக்கும் பெரிய மாற்றத்துக்கும்தான் இது இடிக்கும். ஏற்கெனவே உள்ள உரிமத்தைப் பறிக்க இதைக் காரணம் காட்ட முடியாது. அதனால் சில பழைய கடைக்காரர்களுக்கு உள்ளூர மகிழ்ச்சி; புதுப் போட்டி வராதே! அவர்களுக்கு ஒன்று சொல்வேன். உரிமம் கம்பனியின் பெயரில் இருந்து, கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டதால் அந்தக் கம்பனி பதிவிலிருந்து நீக்கப்பட்டுக் கலைந்தால், உரிமமும் அன்றே காலாவதி. 28 நாளுக்குள் வேறு பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தால் மீட்கலாம். தவறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நேற்றுவரை உங்களைத் தொடாத கொள்கை முழுவதும் இன்று உங்கள் தலையில். கணக்காளர் அனுப்பிய கடிதத்தை லாச்சிக்குள் போட்டுவிட்டு இப்படி வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி வரைவுக்குப் பதில் எழுதுவது எப்படி என்பது. "இந்தத் தெருவில ஏற்கெனவே எட்டுக் கடை, இன்னொண்டு என்னத்துக்கு?" என்று எழுதுபவர்கள் அதிகம். அது வீண். கடை தேவையா இல்லையா என்பது லைசென்சிங் சட்டத்தின் கேள்வியே அல்ல. குற்றமும் ஒழுங்கின்மையும் தடுத்தல், பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத்தொல்லை தடுத்தல், சிறுவர் பாதுகாப்பு: இந்த நான்கு நோக்கங்களோடு இணையாத எதையும் அவர்கள் ஓரத்தில் வைத்துவிடுவார்கள். 'வியாபாரம் படுத்துவிடும்' என்பதும் உண்மையாக இருக்கலாம், ஆனால் எடுபடாது.

எடுபடுவது உங்கள் கடைக்குள்ளேயே இருக்கிறது. வயது காட்டாதவருக்கும் வெறியில் வந்தவருக்கும் விற்க மறுத்ததை எழுதும் பதிவேடு. கடந்த வருடத்தில் எத்தனை முறை பொலிசை அழைத்தீர்கள், எந்த நேரத்தில். பிரச்சினை 9 மணிக்கு நடக்கிறது என்று உங்கள் பதிவேடு காட்டினால், 11 மணி வரம்பு எதைத் தீர்க்கும் என்று கேட்கலாம். "வரைவின் இன்ன பந்தியில் எல்லாக் கடைகளுக்கும் தடை என்றிருப்பதை, பிரச்சினைக்கு ஆதாரமுள்ள தெருக்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள்" என ஒரு மாற்று வசனமும் எழுதிக் கொடுங்கள். அதிகாரிக்கு வெட்டி ஒட்ட வசதி. நான்கு கடைக்காரர் ஒரே கடிதத்தைப் பிரதி எடுத்து அனுப்புவதைவிட, நான்கு பேரும் தம் தம் பதிவேட்டிலிருந்து அரைப் பக்கம் எழுதுவது மேல். ஆங்கிலம் திறமாக இருக்க வேண்டியதில்லை.

மண்டபக்காரருக்கு விஷயம் கொஞ்சம் வேறு. அங்கேயே அருந்த மது விற்கும் உரிமமுள்ள இடத்தில், விற்பனை நேரத்தில், 500 பேர் வரையான பார்வையாளருக்கு காலை 8 முதல் இரவு 11 வரை இசை நிகழ்ச்சி நடத்தத் தனி அனுமதி வேண்டாம். அதற்குப் பிறகுதான் சிக்கல். அயலவரின் முறைப்பாடு பெரும்பாலும் பாட்டைப் பற்றியது அல்ல; முடிந்து வெளியே வந்து, கார்க் கதவுகளை அடித்துச் சாத்தி, அரை மணி நேரம் விடைபெறும் நம் பழக்கத்தைப் பற்றியது. வரைவில் 'கூட்டம் கலையும் ஏற்பாடு' என்று வரும் பகுதி இதுதான். எப்போதாவது நடத்துபவர்கள் 21 பவுண் கட்டித் தற்காலிக நிகழ்வு அறிவித்தல் கொடுக்கலாம். ஊழியரையும் சேர்த்து 499 பேர் வரைதான். ஓர் இடத்துக்கு வருடத்தில் 15 முறை, மொத்தம் 21 நாள். அதை மட்டும் நம்பி மண்டபம் நடத்த முடியாது.

கருத்து அனுப்பும் கடைசித் தேதி கடந்துவிட்டால் முடிந்ததா என்று கேட்பார்கள். கொள்கையை இறுதியில் நிறைவேற்றுவது முழு கவுன்சில் கூட்டம். அதற்கு முன் உங்கள் வட்டாரக் கவுன்சிலரைப் பிடித்துப் பேசலாம். தாமதமான கடிதத்தைச் சேர்ப்பதும் விடுவதும் அதிகாரியின் மனம்.

படியில் நின்று கேட்ட அண்ணைக்கு அன்று 12 மணி வரைதான் கிடைத்தது. மேல்முறையீட்டுக்கு 21 நாள் இருந்தது. செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். இப்போது கவுன்சிலிடமிருந்து எது வந்தாலும் எனக்கு அனுப்பிவிடுகிறார். போன வாரம் வந்தது குப்பை எடுக்கும் நாள் மாற்றம்.