பால் பல்லில் ரூட் கேனல்: பேஸ்ட் எங்கே போய் நிற்கிறது என்று கேளுங்கள்

குழந்தைக்கு ரூட் கேனல் என்றதும் பெற்றோர் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். வலிக்குமா, எத்தனை தடவை வர வேண்டும், எப்படியும் விழப்போகிற பல்லுக்கு இதெல்லாம் தேவையா, மேலே போடும் கேப் வெளியே தெரியுமா. எல்லாமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் நரம்பை எடுத்துச் சுத்தம் செய்த பிறகு அந்த வேருக்குள் எதை நிரப்புகிறோம், எப்படி நிரப்புகிறோம் என்று கேட்பவர்கள் மிகவும் குறைவு. அந்தப் பல் விழ வேண்டிய வயது வரை தாங்குமா, அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்குத் தொந்தரவு வராமல் இருக்குமா என்பதற்கெல்லாம் இந்த ஒரு கட்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெரியவர்களின் பல்லில் கட்டா-பெர்ச்சா என்ற ரப்பர் மாதிரியான பொருளை வைத்து நிரப்புவோம். அது கரையாது, கரையவும் கூடாது. பால் பல்லில் கதை நேர் எதிர். நிரந்தரப் பல் மேலே வர வர பால் பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டும், வேரோடு சேர்ந்து உள்ளே வைத்ததும் கரைய வேண்டும். அதனால்தான் இங்கே பேஸ்ட். அதுவும் கண்ட இடத்துக்குப் போகக்கூடாது, ஏனென்றால் கடைவாய்ப் பால் பல்லின் வேர்கள் அகலமாக விரிந்திருக்கும், அந்த வேர்களுக்கு நடுவில்தான் நிரந்தரப் பல்லின் முளை உட்கார்ந்திருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. வேர் கரைய ஆரம்பித்த பல்லில் கேனலின், அதாவது வேருக்குள் ஓடும் மெல்லிய குழாயின், அடித் திறப்பு நுனியில் இருக்கும் என்று சொல்ல முடியாது, பக்கவாட்டில் திறந்திருக்கலாம், எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். எக்ஸ்ரேயில் தெரியும் நுனியிலிருந்து 1 முதல் 2 மி.மீ. உள்ளேயே நாங்கள் நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

முறைகளுக்குப் போகும் முன் பேஸ்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பேஸ்ட் எவ்வளவு கெட்டி என்பதைப் பொறுத்துத்தான் எந்தக் கருவி என்பதே முடிவாகும். ஜிங்க் ஆக்ஸைடு யூஜினால் ரொம்பப் பழையது, 1930கள் முதல் பால் பற்களில் இருக்கிறது, கிராம்பு எண்ணெய் வாசனை வருமே அதுதான். கிருமிகளைக் கட்டுப்படுத்தும், நன்றாக இறுகும். குறை என்னவென்றால் வேர் கரையும் வேகத்துக்கு இது கரையாது, பல் விழுந்த பிறகும் சின்னத் துணுக்குகள் ஈறுக்குள் தங்கிவிடுவதுண்டு. பெரும்பாலும் அதனால் கெடுதல் இல்லை, சில நேரம் புதுப் பல் வரும் பாதையைக் கொஞ்சம் திருப்பிவிடலாம். அடுத்தது கால்சியம் ஹைட்ராக்ஸைடும் அயோடோஃபார்மும் கலந்து சிரிஞ்சிலேயே தயாராக வருவது, மெட்டாபெக்ஸ், விட்டாபெக்ஸ் போன்றவை. வேருக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டாலும் சீக்கிரம் கரைந்துவிடும், அது பெரிய நிம்மதி. ஆனால் அதே குணத்தால் வேர் இருக்கும்போதே கேனலுக்குள்ளிருந்தும் கரைந்து காணாமல் போகலாம். ஒரு வருடம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் கேனல் பாதி காலியாகத் தெரிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் எண்டோஃப்ளாஸ். ஜிங்க் ஆக்ஸைடு, அயோடோஃபார்ம், கால்சியம் ஹைட்ராக்ஸைடு மூன்றும் அதில் இருக்கிறது, வெளியே போனது கரையும், உள்ளே இருப்பது பெரும்பாலும் நிற்கும். பல் கொஞ்சம் நிறம் மாறலாம், அதனால் முன்பல்லில் யோசித்துத்தான் போடுவேன். குழந்தைக்கு அயோடின் ஒவ்வாமை இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது நிரப்பும் முறைகள்.

கையால் நிரப்புவதுதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. ஃபைல் என்ற ஊசி மாதிரியான கருவியின் மேல் பேஸ்டைப் பூசி, கேனலுக்குள் இறக்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டே வெளியே எடுப்போம், பேஸ்ட் சுவரில் ஒட்டிக்கொண்டு உள்ளே தங்கும். கெட்டியாகப் பிசைந்த ஜிங்க் ஆக்ஸைடு என்றால் சின்னச் சின்ன உருண்டையாக வைத்து பிளக்கர் என்ற மொட்டை முனைக் கருவியால் தள்ளுவோம். மெஷின் சத்தம் கிடையாது, பயந்த குழந்தையிடம் அது எவ்வளவு பெரிய வசதி என்று எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் வளைந்து ஒடுங்கிய கேனலில் பேஸ்ட் அடி வரை போவது சந்தேகம், நடுநடுவே காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும். பழைய பால்பாயின்ட் ரீஃபிலில் மை விட்டுவிட்டு நிற்குமே, எக்ஸ்ரேயில் அப்படித்தான் தெரியும்.

லென்டுலோ ஸ்பைரல் என்பது மெல்லிய ஸ்பிரிங் கம்பி. அதை மெதுவாகச் சுழலும் ஹேண்ட்பீஸில் மாட்டி, கம்பியில் பேஸ்டைத் தொட்டு, அளந்த நீளத்துக்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்திச் சுழலவிட்டால் பேஸ்ட் கீழ்நோக்கி இறங்கும். இதில் நுணுக்கமே வெளியே எடுக்கும் நொடிதான். சுழன்றுகொண்டிருக்கும்போதே நிதானமாக மேலே இழுக்க வேண்டும், நிறுத்திவிட்டு இழுத்தால் கம்பியோடு பேஸ்டும் வந்துவிடும், உள்ளே வெற்றிடம் மிஞ்சும். பேஸ்ட் தளரத் தளர இருக்க வேண்டும், ஆனால் தண்ணியாக இருந்தால் நுனியைத் தாண்டி ஓடிவிடும். ரப்பர் ஸ்டாப்பர் போட்டு நீளம் குறிக்காமல் லென்டுலோவைத் தொடவே கூடாது என்பேன். கம்பி சுவரில் சிக்கினால் உள்ளேயே முறிந்துபோகும், அந்தத் துண்டைப் பால் பல்லிலிருந்து எடுப்பது சாதாரண வேலை இல்லை. குழந்தை திடீரென்று தலையைத் திருப்பும் என்பதையும் இதோடு சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சிரிஞ்ச் வகை, இதற்குள்ளேயே பல உண்டு. திருகிப் பிழியும் பிரஷர் சிரிஞ்ச், தயாராக வரும் பேஸ்டின் பிளாஸ்டிக் முனை, மெல்லிய உலோக முனையான நாவிடிப், இவை எதுவும் இல்லாத இடத்தில் இன்சுலின் சிரிஞ்ச்கூட. பேஸ்டை அடியிலிருந்து வைத்துக்கொண்டே மேலே வரலாம் என்பது இதன் பலம், காற்று மாட்டும் வாய்ப்பு குறைகிறது. வேகமாகவும் முடியும். அகலமான நேர்க்கேனல் உள்ள முன்பற்களுக்கு இதைவிட வசதியானது எனக்குத் தெரியவில்லை. கடைவாய்ப்பல்லில்தான் சிக்கல். பிளாஸ்டிக் முனை பெரும்பாலும் ஒடுங்கிய கேனலின் பாதியிலேயே நின்றுவிடும், அதற்குக் கீழே பேஸ்ட் போனதா இல்லையா என்பது ஊகம்தான். முனை சுவரில் இறுக்கமாக மாட்டியிருக்கும்போது அழுத்தினால் பேஸ்டுக்குத் திரும்பி வர வழி கிடையாது, நுனி வழியாக வெளியேதான் போகும். கேனலின் மேல் வாயில் பேஸ்ட் எட்டிப் பார்க்கும்போதே முனையை வெளியே எடுத்துவிட வேண்டும்.

இதில் எது சிறந்தது? ஆய்வுகள் நிறைய வந்திருக்கின்றன, ஆனால் ஒரே பதில் வரவில்லை. சிலவற்றில் லென்டுலோ முன்னால் நிற்கிறது, சிலவற்றில் நாவிடிப், சிலவற்றில் பெரிய வித்தியாசமே இல்லை. பேஸ்டை மாற்றினால் வெற்றியாளரும் மாறுகிறார். பல ஆய்வுகள் பிடுங்கிய பற்களில் செய்யப்பட்டவை என்பதையும் மறக்கக்கூடாது, பிடுங்கிய பல் அழாது, எச்சில் ஊறாது, வாயை மூடாது. மறுபக்கம், நுனியைத் தாண்டி ஜிங்க் ஆக்ஸைடு போன பற்களைவிட, நுனி வரையோ அதற்குக் கொஞ்சம் உள்ளேயோ நின்ற பற்கள் நன்றாகத் தாக்குப்பிடித்தன என்று நீண்டகாலம் கவனித்த ஆய்வு இருக்கிறது. என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. அதனால் கருவியின் பெயரைவிட பேஸ்ட் எங்கே நின்றது என்பதைத்தான் நான் பார்ப்பேன். வளைந்த கீழ்க் கடைவாய்ப்பல், குழந்தையும் ஒத்துழைக்கிறது என்றால் லென்டுலோ எடுப்பேன். முன்பல் என்றால் சிரிஞ்ச். ஐந்து நிமிடம்கூட வாயைத் திறந்து வைக்க முடியாத மூன்று வயதுக் குழந்தை என்றால், தயாராக இருக்கும் பேஸ்டும் மெல்லிய முனையும்தான், அங்கே வேகத்துக்கே முதலிடம்.

எந்த முறையானாலும் கேனல் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். கேனலை உலர்த்த உள்ளே விடும் காகிதக் குச்சியான பேப்பர் பாயின்ட் ரத்தக்கறையோடோ சீழோடோ வந்துகொண்டே இருந்தால் அன்றைக்கு நிரப்பக் கூடாது, மருந்து வைத்து மூடிவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்வதுதான் சரி. ‘இன்னிக்கே முடிச்சிடுங்க டாக்டர்’ என்று பெற்றோர் கேட்கும்போது மறுப்பது கஷ்டம்தான், லீவு போட்டு வந்திருப்பார்கள். ஆனாலும் மறுத்துத்தான் ஆக வேண்டும்.

முடிந்ததும் கடைசி எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், இதில் தயங்க ஒன்றுமே இல்லை. கீழ்க் கடைவாய்ப்பல்லில் வழக்கமாக இரண்டு வேர், மூன்று அல்லது நான்கு கேனல். ஒவ்வொரு வேரிலும் வெள்ளைக்கோடு இறங்கியிருக்கிறதா, நடுவில் கறுப்பு இடைவெளி இருக்கிறதா, நுனிக்கு வெளியே வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் வெளியே போயிருந்தால் பதற வேண்டாம், என்ன பேஸ்ட் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓரிரு நாள் கடிக்கும்போது வலி இருக்கலாம். அயோடோஃபார்ம் பேஸ்ட் என்றால் அடுத்த எக்ஸ்ரேயில் அந்தத் திட்டு பெரும்பாலும் இருக்காது. ஈறில் கொப்புளம், வீக்கம், ராத்திரி வலி, நாளுக்கு நாள் கூடும் ஆட்டம், இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

அப்புறம் கேப். இதைத் தள்ளிப்போடும் பெற்றோர் நிறையப் பேர், வலி போனதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். நரம்பு எடுத்த பால் பல் ஏற்கெனவே சொத்தையில் பாதி போன பல், தற்காலிக அடைப்பு கசிந்தால் கிருமி மறுபடியும் கேனலுக்குள் இறங்கும், பல்லும் உடையும். நிரப்பிய விதம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதன் பிறகு பயன் இல்லை. கடைவாய்ப்பல்லுக்கு ஸ்டீல் கேப், முடிந்தால் அன்றைக்கே, இல்லாவிட்டால் சீக்கிரமே. பிறகு 6 மாதத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள்.

எல்லாப் பால் பல்லையும் காப்பாற்றப் பார்ப்பதும் சரியல்ல. வேர் ஏற்கெனவே நிறையக் கரைந்திருந்தால், சீழ் நிரந்தரப் பல்லின் முளை வரை போயிருந்தால், கேப் உட்காரக்கூடப் பல் மிச்சம் இல்லையென்றால், எந்த முறையில் நிரப்பினாலும் நிற்காது. எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் இடம் மூடாமல் இருக்க ஸ்பேஸ் மெயின்டெய்னர் போடுவதே நல்லது. இரண்டாவது கடைவாய்ப் பால் பல் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியது, அதன் பின்னால் 6 வயதில் முளைக்கும் பெரிய பல் முன்னால் சாய்ந்துவிட்டால் பிற்பாடு கம்பி கட்டித்தான் சரிசெய்ய முடியும். இதய வால்வுப் பிரச்சினையோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சிகிச்சையோ இருக்கும் குழந்தை என்றால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள், அங்கே முடிவே மாறலாம்.

இன்னொரு விதிவிலக்கும் உண்டு. சில குழந்தைகளுக்கு அடியில் நிரந்தரப் பல்லே உருவாகியிருக்காது, கீழ்த்தாடையின் இரண்டாவது முன்கடைவாய்ப்பல்லில் இதைப் பார்க்கிறோம். அப்போது பால் பல்லையே பல வருடம் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும், கரையும் பேஸ்ட் அங்கே பொருந்தாது, பெரியவர்களுக்குச் செய்வதுபோல் கரையாத பொருளைத்தான் வைப்போம். அதனால் நிரப்புவதற்கு முன் எடுத்த எக்ஸ்ரேயில் வேர்களுக்கு அடியில் அந்த முளை தெரிகிறதா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், தெரியாவிட்டால் பேஸ்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அதைப் பேசி முடிவெடுக்கலாம்.