பெயின்ட் கடைசியில் வரட்டும்: வீட்டில் ஹாட் ராட் கட்டுபவர்களுக்கு

தெற்குக் கலிபோர்னியாவில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றில் வெல்டிங்கும் சேஸிஸ் வேலையும் பார்க்கிறேன். எங்களிடம் வரும் ஹாட் ராட் ரோட்ஸ்டர்களில் பல, வீட்டு கராஜில் தொடங்கியவை. சில பாதியில் நின்றுபோனவை. சில "வேலை முடிந்துவிட்டது, ஆனால் ஓட்டினால் ஸ்டியரிங் உதறுகிறது" என்று வருபவை. இந்த இரண்டாவது வகையில் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைப் பார்க்கிறேன். பெயின்ட் கண்ணாடி மாதிரி முடிந்திருக்கும். அதற்குக் கீழே பிரேக்கும் ஸ்டியரிங்கும் முடிந்திருக்காது. இங்கே இருக்கும் தமிழ் நண்பர்கள் சிலரும் இப்போது இந்த வேலையில் ஆர்வமாக இறங்குகிறார்கள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய காரைப் பிரித்து, வேகத்துக்காக மாற்றிக் கட்டுவதுதான் ஹாட் ராட். அதற்கு அடிப்படை பெரும்பாலும் 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ, அல்லது 1932 ஃபோர்டு. நிலையான கூரையும் பக்கக் கண்ணாடியும் இல்லாத திறந்த பாடிதான் ரோட்ஸ்டர். மட்கார்டைக் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினைத் தேற்றி, கலிபோர்னியப் பாலைவனத்தில் முராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் வேகம் பார்த்தார்கள் அந்தக் காலத்து இளைஞர்கள். அந்தப் போட்டிகளை ஒழுங்காக நடத்த 1937இல் சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானது. 1932இல் ஃபோர்டு கொண்டுவந்த ஃபிளாட்ஹெட் (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும்) வி8 எஞ்சினுக்கு 221 கன அங்குலக் கொள்ளளவு, 65 குதிரைத்திறன். இன்றைக்குச் சாதாரண எண்தான். ஆனால் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் என்பது அன்று பெரிய சமாச்சாரம். 'ட்ரெடிஷனல்' பாணியில் கட்டுபவர்கள் அந்தக் காலத்துப் பாகங்களோடு, 1950கள் வரைக்கும் வந்து நிறுத்திக்கொள்வார்கள்.

ஏரிப்படுகையில் ஓடிய கார்களில் நிறைய வெறும் பிரைமரிலேயே, அதாவது பெயின்ட்டுக்கு முந்திய அடிப்பூச்சிலேயே ஓடின. முதலில் ஓட்டம், அழகு பிறகு. வீட்டில் கட்டுகிற யாருக்கும் நான் சொல்லும் முதல் யோசனையும் அதுதான். எஞ்சின், பிரேக், வயரிங், சீட் என்று எல்லாவற்றையும் பூட்டி, வெறும் இரும்பாகவே சில மாதம் ஓட்டுங்கள். எங்கே உரசுகிறது, எங்கே விரிசல் விடுகிறது, எது ஒழுகுகிறது என்று தெரிந்த பிறகு முழுவதையும் பிரித்து பெயின்ட் அடியுங்கள். பளபளப்பாக முடித்த சேஸிஸில் ஒரு பிராக்கெட் கால் அங்குலம் தள்ளி இருக்கிறது என்று தெரிந்தால், அதன்மேல் கிரைண்டர் வைக்க யாருக்கும் மனசு வராது. 'பரவாயில்லை, இப்படியே இருக்கட்டும்' என்று விட்டுவிடுவார்கள். ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட பிராக்கெட்டாக இருந்தால் அந்தப் 'பரவாயில்லை' உயிருக்கு உலை வைக்கும்.

வெல்டிங்கை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்காரர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் 120 வோல்ட்டில் ஓடும் சின்ன மிக் மெஷின் (கம்பியைத் தானாக ஊட்டும் வெல்டிங் மெஷின்). பாடித் தகட்டுக்கு அது போதும். கால் அங்குல பிராக்கெட்டை சேஸிஸோடு சேர்க்க அதற்குச் சக்தி போதாது. மேலே பார்த்தால் அழகான வரிசையாக இருக்கும். உள்ளே இரும்பு உருகிக் கலந்திருக்காது. இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. அதே தடிமனில் இரண்டு துண்டு இரும்பை அதே செட்டிங்கில் ஒட்டுங்கள். குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தை நைஸாகத் தேய்த்துப் பாருங்கள். இரண்டு துண்டுக்கும் நடுவே வெல்டுக்கு அடியில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் அது பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதே மாதிரி ஒட்டிய இன்னொரு ஜோடியை வைஸில் பிடித்துச் சுத்தியால் மடக்குங்கள். வெல்டு பெயர்ந்து வந்தால், சேஸிஸ் வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். இந்தச் சோதனையைப் பெயின்ட்டுக்கு முன்னால்தான் செய்ய முடியும்.

முன்பக்கம் அடுத்து. பழைய ஃபோர்டில் முன் ஆக்ஸிலைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது 'விஷ்போன்' என்ற வி வடிவக் கம்பி. எஞ்சின், கியர்பாக்ஸுக்கு இடம் வேண்டும் என்று அதை நடுவில் வெட்டி, இரண்டு நுனியையும் சேஸிஸின் இரு பக்கமும் பொருத்துவது பழைய வழக்கம். அப்படிச் செய்தால் ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலே முறுக்கிக்கொடுக்க வேண்டும். வெட்டுமுகம் 'I' எழுத்து மாதிரி இருக்கும் ஐ-பீம் ஆக்ஸில் அதைத் தாங்கும். குழாய் வடிவ ஆக்ஸில் முறுக்காது. அந்த விசை முழுக்க பிராக்கெட்டிலும் வெல்டிலும் போய் விழும். பார்க்க நன்றாக இருக்கிறது என்று குழாய் ஆக்ஸிலையும் வெட்டிய விஷ்போனையும் சேர்த்துப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

குரோம் முலாம் பூசக் கொடுப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. முலாம் பூசும்போது ஹைட்ரஜன் இரும்புக்குள் புகும். கடினப்படுத்திய எஃகு அதனால் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். முன்னறிவிப்பே இல்லாமல் உடையும். பூசிய சில மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 190 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடாக வைத்திருந்தால் ஹைட்ரஜன் வெளியேறும். பம்பர் பூசுகிற கடையெல்லாம் இதைத் தானாகச் செய்யும் என்று நினைக்காதீர்கள். கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். உயர்தரக் கடின போல்ட்டுகளைக் குரோமுக்கே அனுப்பாதீர்கள்.

பிரேக்கில் ஃபோர்டு 1939இல்தான் ஹைட்ராலிக்குக்கு, அதாவது திரவ அழுத்தத்தில் இயங்கும் பிரேக்குக்கு வந்தது. அதனால் 1939 முதல் 1948 வரை வந்த டிரம்களை மாடல் ஏயில் போடுவது வழக்கம். நல்ல பிரேக்தான். ஆனால் அந்தக் காலத்து மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் திரவத்தைத் தள்ளுவது) ஒற்றைச் சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு. அமெரிக்கக் கார்களில் இரட்டைச் சுற்று 1967 மாடல் முதல் பொதுவானது. தோற்றம் கெடும் என்று ஒற்றைச் சுற்றையே வைப்பவர்களிடம் நான் வாதாடுவேன். மாஸ்டர் சிலிண்டர் காரின் தரைக்கு அடியில்தான் இருக்கிறது, யார் கண்ணிலும் படாது! அது சக்கர சிலிண்டர்களைவிடக் கீழே உட்காருவதால், திரவம் திரும்பி வடியாமலிருக்க, குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை மிச்சம் வைக்கும் ரெசிடுவல் வால்வு வேண்டும். டிரம்முக்கு 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), டிஸ்க்குக்கு 2 பி.எஸ்.ஐ. பழைய மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே அது இருக்கும்; புதியதைப் போட்டால் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி கராஜுக்குள் நீங்கள் மூச்சில் இழுக்கும் காற்றுக்கு வருகிறேன். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இங்கே பல வீடுகளில் கராஜ் வீட்டோடு ஒட்டியிருக்கிறது. ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் சமையலறை, குழந்தைகள். பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசர் காற்றை அடிப்பதுதான் செய்யக்கூடாத முதல் வேலை. ஈரப்படுத்தித் துடைத்து, பையில் கட்டிவிடுங்கள்.

பிரேக் கிளீனர் டின்னில் டெட்ராகுளோரோஎத்திலீன் என்று இருந்தால் அதை வெல்டிங் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வெல்டிங்கின் வெப்பமும் புற ஊதாக் கதிரும் அதன் ஆவியை ஃபாஸ்ஜீனாக மாற்றிவிடும். முதல் உலகப் போரில் ஆயுதமாக வீசிய வாயு அது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது ஒரு நாள் கழித்துக்கூடத் தெரியவரும்.

பழைய பாடியில் பட்டி போட்ட இடமெல்லாம் ஈயமாக இருக்கலாம். அந்தக் காலத்து டிங்கரிங் வேலைக்கு 70 பங்கு ஈயம், 30 பங்கு வெள்ளீயம் சேர்ந்த கலவை. 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி, 255 டிகிரி வரைக்கும் பிசைந்த மாவு போல நிற்கும்; மரத்துண்டால் தடவி வழித்து உருக்கொடுக்கலாம். நானே இன்றும் விரும்பிச் செய்யும் வேலை அது. ஆனால் அதைக் கை அரத்தால்தான் சீவ வேண்டும். கிரைண்டர், சாண்டர் வைத்தால் ஈயத்தூள் உடையில் ஒட்டி வீட்டுக்குள் போகும். தவழும் குழந்தைக்கு அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் விஷம். வேலை உடையைத் தனியாகத் துவையுங்கள்.

மாடல் ஏயின் பெட்ரோல் டேங்க் டாஷ்போர்டுக்கு முன்னால், ஓட்டுபவர் முழங்காலுக்கு நேர் மேலே இருக்கிறது. பல வருடம் காலியாகக் கிடந்த டேங்கிலும் ஆவி இருக்கும். அதில் டார்ச் வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். கராஜில் கேஸ் வாட்டர் ஹீட்டரை 18 அங்குலம் உயர்த்தி வைப்பது அதற்காகத்தான்.

கடைசியாக பெயின்ட். இப்போது கிடைக்கும் இரண்டு-பாக யூரித்தேன் பெயின்ட்டிலும் கிளியரிலும் (மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு) உள்ள ஹார்டனரில், அதாவது கலந்தால் பெயின்ட்டைக் கெட்டியாக்கும் பாகத்தில், ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஆபத்தான அளவில் இருந்தாலும் மூக்குக்கு அது தெரியாது. அதனால் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கில் உள்ள வடிகட்டி தீர்ந்துபோனதை உங்களால் கண்டுபிடிக்க முடியாது. பட்டறைகளில் வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் மாஸ்க்கைப் போடுகிறோம். கையுறையும் முழு உடையும் கட்டாயம், ஏனென்றால் தோல் வழியாகவும் அது வேலையைக் காட்டும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சுத்திணறல் வரும். ஆஸ்துமாவோடு தொழிலை விட்டுப்போன பெயின்டர்களை எனக்குத் தெரியும். நல்ல வேலைக்காரர்கள் அவர்கள்.

எனவே பட்டி, சாண்டிங், பிரைமர் தேய்ப்பது வரைக்கும் நீங்கள் செய்யுங்கள். கடைசி ஸ்ப்ரேயை மட்டும் பெயின்ட் பூத் (காற்றை வடிகட்டி வெளியேற்றும் தனி அறை) உள்ள இடத்தில் கொடுங்கள். வாடகைக்கு பூத் விடும் கடைகளும் உண்டு. மாஸ்க்குக்குக் காற்றுக்குழாய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இப்போதைக்கு அதற்குப் பணம் இல்லையென்றால் எபாக்ஸி பிரைமரில் ஓட்டலாம். பெரும்பாலான எபாக்ஸி பிரைமர்களின் ஹார்டனர் வேறு வகை, அதில் ஐசோசயனேட் இருக்காது. சரி, அதையும் நம்பி விட்டுவிடாமல், டின்னோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளில் ஹார்டனர் பகுதியைப் படியுங்கள். கரைப்பான் ஆவிக்கு மாஸ்க் இதிலும் வேண்டும். வெயிலில் எபாக்ஸி வெளுத்து மாவு பூத்தால் தேய்த்து மறுபடி ஒரு கோட் அடித்துக்கொள்ளலாம்.