நியூரம்பெர்க் நீதிமன்றத்தின் மஞ்சள் விளக்கு

"அந்த உத்தரவில் நான் கையெழுத்துப்..."

வாக்கியத்தை இங்கேயே நிறுத்திவிட்டால், சொன்னவர் கையெழுத்துப் போட்டாரா, போடவில்லையா, போட மறுத்தாரா என்று யாராலும் சொல்ல முடியாது. தமிழில் எல்லாமே அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. ஜெர்மன் மொழியிலும் பல வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில்தான் வந்து நிற்கும். 1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை, நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்தின் 600-ஆம் எண் அறையில், அந்தக் கடைசிச் சொல்லுக்காகத் தினமும் சிலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்கள்தான் மொழிபெயர்ப்பாளர்கள்.

வழக்கைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அது நடப்பதற்கு அந்த அறையில் செய்த ஏற்பாட்டைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. நீதிபதிகளும் அரசுத் தரப்பும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் என நான்கு நாட்டவர். குற்றம்சாட்டப்பட்டவர்கள் ஜெர்மானியர். ஒருவர் பேசி முடித்ததும் அதை மற்ற மூன்று மொழிகளிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வதுதான் அதுவரை இருந்த வழக்கம். அப்படிச் செய்திருந்தால் ஒரு நாள் வேலை நான்கு நாளாக நீண்டிருக்கும். மொழிபெயர்ப்பைப் பேச்சோடு பேச்சாகவே நடத்தியதால்தான் விசாரணை 218 நாட்களில் முடிந்தது.

கருவிகள் ஐபிஎம் நிறுவனத்துடையவை. பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீனின் யோசனையில் 1920-களில் பிறந்த அமைப்பு அது. ஐபிஎம் அதை இலவசமாகவே கொடுத்தது. ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு ஹெட்போனும், திருகி மாற்றும் ஒரு குமிழும் இருந்தன. 1-இல் வைத்தால் பேசுபவரின் சொந்தக் குரல். 2 ஆங்கிலம், 3 ரஷ்யன், 4 பிரெஞ்சு, 5 ஜெர்மன்.

குமிழுக்கு மறுபக்கம் மனிதர்கள். குற்றவாளிக் கூண்டை ஒட்டி நான்கு மேசைகள், மொழிக்கு ஒன்று. மேசைக்கு மூன்று பேர். ஆங்கில மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனிலிருந்து ஒருவர், பிரெஞ்சிலிருந்து ஒருவர், ரஷ்யனிலிருந்து ஒருவர். மூவரும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். சாட்சி ஜெர்மனில் வாயைத் திறந்ததும் முதலாமவர் மைக்கைக் கையில் எடுப்பார். இடையில் பிரெஞ்சு வழக்கறிஞர் ஒரு கேள்வி போட்டால், மைக் பக்கத்தில் இருப்பவர் கைக்கு மாறும். யார் எந்த மொழியில் பேசினாலும் அந்தந்த மொழியின் மேசை மட்டும் சும்மா இருக்கும், மற்ற மூன்றும் வேலை செய்யும். சுற்றிலும் இருந்தவை தாழ்வான கண்ணாடித் தடுப்புகள்தான், மேலே மூடவில்லை. பக்கத்து மேசையின் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே பேச வேண்டும்.

இப்படிப் பன்னிரண்டு பேர் கொண்ட மூன்று குழுக்கள் இருந்தன. ஒரு குழு தொடர்ந்து 85 நிமிடம் வேலை செய்யும், அதன்பின் அடுத்த குழு வந்து உட்காரும். மூன்றாவது குழுவுக்கு அன்று ஓய்வு. ஏன் இவ்வளவு ஓய்வு என்று கேட்கத் தோன்றலாம். காதில் விழும் வாக்கியமும் வாயிலிருந்து வரும் வாக்கியமும் ஒன்றல்ல. வாய் முந்தைய வாக்கியத்தை முடித்துக்கொண்டிருக்கும்போதே காது அடுத்ததை வாங்க வேண்டும், நினைவு இரண்டையும் கலக்காமல் பிடித்துவைக்க வேண்டும். இரண்டு மொழியைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசியவர்கள் பலர் தேர்விலேயே தடுமாறினார்கள். லியோன் டோஸ்டர்ட் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி ஆட்களைத் தேடிப்பிடித்து, நீதிமன்றக் கட்டடத்தின் மேல்மாடியில் பாவனை வழக்குகள் நடத்திப் பழக்கினார்.

இனி அந்த விளக்கு. மொழிபெயர்ப்பாளர்களோடு ஒரு கண்காணிப்பாளரும் உட்கார்ந்திருப்பார். பேச்சு வேகமெடுத்தால் அவர் ஒரு பொத்தானை அழுத்துவார், பேசுபவர் முன்னால் மஞ்சள் விளக்கு மினுங்கும்: மெதுவாகப் பேசு. சிவப்பு எரிந்தால் பேச்சையே நிறுத்த வேண்டும். தொண்டை கட்டி மொழிபெயர்ப்பாளர் இருமினாலும் சிவப்புதான். வழக்கறிஞரோ, ஒரு காலத்தில் படைகளை ஏவிய தளபதியோ, யாராக இருந்தாலும் அந்தச் சின்ன விளக்குக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். அந்த அறையில் நீதி எந்த வேகத்தில் நகரலாம் என்பதை நிர்ணயித்தது அதுதான் என்பேன்.

வேகத்தைவிடப் பெரிய ஆபத்து ஒரு குட்டிச் சொல்லில் இருந்தது. ஜெர்மனில் 'யா' என்றால் 'ஆம்'. ஆனால் பதில் சொல்லத் தொடங்குமுன் யோசிப்பதற்காகவும் அதையே இழுப்பார்கள், நாம் 'அது வந்து...' என்று இழுப்பதுபோல. "கொலைகள் உங்களுக்குத் தெரியுமா?" என்ற கேள்விக்குச் சாட்சி 'யா...' என்று இழுக்கிறார். மொழிபெயர்ப்பாளர் அவசரப்பட்டு 'ஆம்' என்று சொல்லிவிட்டால், அது ஒப்புதல் வாக்குமூலமாகப் பதிவாகிவிடும். ஒரு மனிதனின் கழுத்தே அதில் மாட்டியிருக்கிறது. அதனால் அடுத்த சொல் வரும்வரை பொறுத்திருக்கப் பழகிக்கொண்டார்கள். போதாததற்கு, அசல் பேச்சு ஒலிப்பதிவாகிக்கொண்டே இருந்தது. எழுத்துப் பிரதிகளைப் பின்னர் அதோடு ஒப்பிட்டுத் திருத்த ஒரு தனிப் பிரிவு இருந்தது.

இவ்வளவு கவனத்தோடு காத்த அறையில் பெயர்பெற்ற பிழை ஒன்று வந்தது காகிதத்தின் வழியாக. 1946 மார்ச்சில், ஜெர்மன் ராணுவம் நுழையக் கூடாதென்று ஒப்பந்தம் தடுத்திருந்த ரைன்லாந்துப் பகுதியை 'விடுவிக்க' 1935-லேயே ரகசியமாகத் திட்டமிட்டீர்களே என்று ஓர் ஆவணத்தைக் காட்டி அமெரிக்க வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சன், குற்றவாளிக் கூண்டில் இருந்த நாஜித் தலைவர் கோரிங்கை மடக்கப் பார்த்தார். மூலத்தில் இருந்த சொல் 'ஃப்ரைமாகுங்'. விடுவிப்பது என்றும் கொள்ளலாம், இடைஞ்சலை அகற்றுவது என்றும் கொள்ளலாம். இது ரைன் ஆற்றில் தடையை அகற்றுவது பற்றிய பேச்சு, ரைன்லாந்தைப் பற்றியதே அல்ல என்று கோரிங் சட்டென்று எடுத்துக்காட்டினார். ஜாக்சனின் அன்றைய குறுக்கு விசாரணைக்கு விழுந்த அடி அது. முன்கூட்டியே மொழிபெயர்த்து அச்சடித்துக் கையில் கொடுத்த அந்தத் தாளுக்கு முன்னால், எச்சரிக்க மஞ்சள் விளக்கு எதுவும் இல்லை.