ஸ்கூட்டர் சீட்டில் ஈரம், காதில் ரயில் ஹாரன்

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை நடக்கப் போகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கவனித்திருப்பார்கள். திறந்தவெளியில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட் நனைந்திருக்கும், வேப்பமரத்தடியில் நிற்பது காய்ந்து கிடக்கும். பகலில் காதில் விழாத ரயில் ஹாரன் எங்கோ தொலைவிலிருந்து தெளிவாகக் கேட்கும். யாரோ கொளுத்திவிட்ட குப்பையின் புகை மேலே போகாமல் தெருவோடு படுத்துக் கிடக்கும். மூன்றுக்கும் காரணம் ஒன்றே. தரை தன் சூட்டை இரவு முழுக்க வானத்திடம் இழந்திருக்கிறது.

எல்லாப் பொருளும் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். 25 டிகிரி செல்சியஸில் இருக்கும் தரை, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 450 வாட் அளவுக்கு விடுகிறது. காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆனால் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தை அவை அவ்வளவாகத் தடுப்பதில்லை. மேகமில்லாத இரவில் அந்த வழியாகச் சூடு நேரே விண்வெளிக்குப் போய்விடும்.

சரி, சீட் மட்டும் ஏன் நனைகிறது, பக்கத்திலேயே தார்ச்சாலை ஏன் நனைவதில்லை? சாலையின் அடியில் பகல் முழுக்கச் சேர்ந்த சூடு இருக்கிறது. இழந்ததைக் கீழேயிருந்து ஈடுகட்டிக்கொள்ளும். சீட்டுக்கு அடியில் இருப்பதோ ஸ்பாஞ்ச், அது சூட்டைக் கடத்தாது. அதனால் சீட்டின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடவே குளிர்ந்துபோய், காற்றிலுள்ள நீராவி அதன்மேல் துளியாகப் படிகிறது. புல்லின் நுனிக்கும் கார் கூரைக்கும் இதே கதைதான். மரத்தடி ஸ்கூட்டருக்கு மேலே தெரிவது வானம் அல்ல, இலைகள். அவை வானத்தைவிடச் சூடானவை. வாங்கியதற்கு ஏறக்குறைய ஈடாகத் திருப்பித் தந்துவிடும்.

பனித்துளி வானத்திலிருந்து விழுகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் இரவு நேரங்களில் தோட்டத்தில் கம்பளிப் பஞ்சை வைத்து, காலையில் அது எவ்வளவு ஈரம் குடித்திருக்கிறது என்று எடைபோட்டுப் பார்த்தார். பரப்பு முதலில் குளிர்கிறது, பனி அப்புறம்தான் படிகிறது என்று 1814இல் எழுதினார். தராசும் தெர்மாமீட்டரும் தவிரப் பெரிய கருவி எதுவும் இல்லாமல் செய்த வேலை இது.

தரை குளிர்ந்தால் அதை ஒட்டிய காற்றும் குளிரும். பகலில் மேலே போகப் போகக் குளிர்ச்சி. விடியலில் கீழே குளிர்ச்சி, மேலே சூடு. இதை வெப்பத் தலைகீழ் மாற்றம் என்பார்கள். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். அதனால் ஹாரன் சத்தத்தின் மேற்பகுதி சூடான காற்றில் சற்று முந்திப் போகிறது, கீழ்ப்பகுதி பின்தங்குகிறது. மொத்த அலையும் தரையை நோக்கி வளைகிறது. மேலே போய்த் தொலைந்திருக்க வேண்டிய சத்தம் வீட்டுக் கூரைகளைத் தாண்டி நம் தெருவில் வந்து இறங்குகிறது. பகலில் நேர்மாறு, சத்தம் மேல்நோக்கி வளைந்து போய்விடும். வண்டி இரைச்சல் குறைவு என்பதும் காரணம்தான், ஆனால் அது பாதிக் கதை.

புகைக்கும் இதே காற்றுதான் தடை. சூடான புகை எழும்பத்தான் பார்க்கும். ஆனால் மேலே உள்ள காற்று அதைவிடச் சூடாகவும் லேசாகவும் இருந்தால் பாதி வழியிலேயே நின்றுவிடும். பானைக்கு மூடி போட்டதுபோல. சென்னையில் போகிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து விமானங்களைத் தாமதமாக்குவது இதனால்தான்.

விடியற்காலைக் காற்று சுத்தமானது என்று சொல்லிச் சொல்லியே நம்மை எழுப்பிவிடுகிறார்கள். மலையோரத்திலோ கடற்கரையிலோ அது சரியாக இருக்கலாம். குளிர்கால நகரத்தில், காற்றும் அசையாத நாளில், முந்தைய இரவின் புகையும் அதிகாலை லாரிகளின் புகையும் மூக்கு உயரத்திலேயே தேங்கி நிற்கும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் இந்த அடுக்கு கீழிருந்து கலையத் தொடங்கும். அதற்குப் பெரும்பாலும் எட்டு, எட்டரை ஆகிவிடும். புகை கண்ணுக்குத் தெரிகிற நாளில், மூச்சிரைப்பு உள்ளவர்கள் அதற்குப் பிறகு கிளம்புவது நல்லது. மேகம் மூடிய நாளிலோ காற்று வீசும் நாளிலோ இந்த அடுக்கு பெரும்பாலும் உருவாவதே இல்லை. எந்த நாள் என்று தெரிந்துகொள்ள செயலியெல்லாம் வேண்டாம், ஸ்கூட்டர் சீட்டைத் தொட்டுப் பார்த்தாலே ஓரளவு தெரியும்.