டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ்: 'மாவட்ட நீதிபதி' என்று எழுதலாமா?

2025 ஜனவரி 23. அமெரிக்க மண்ணில் பிறக்கும் பிள்ளைக்குத் தானாகவே கிடைக்கும் பிறப்புக் குடியுரிமையைக் குறுக்கி, பதவியேற்ற நாளிலேயே அதிபர் டிரம்ப் போட்ட உத்தரவுக்கு, சியாட்டிலில் ஜான் கூகனவர் என்ற நீதிபதி நாடு முழுமைக்கும் தற்காலிகத் தடை விதித்தார். எச்1பி விசாவில் இருந்துகொண்டு பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்த நம்மவர்கள் சற்றே மூச்சுவிட்ட நாள் அது. மறுநாள் காலை பெரியப்பா போன் செய்தார். முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கோர்ட் படி ஏறியவர். "ஏம்ப்பா, பேப்பர்ல மாவட்ட நீதிபதின்னு போட்டிருக்கான். ஒரு ஜில்லா ஜட்ஜ் பிரசிடெண்ட் ஆர்டருக்கே ஸ்டே கொடுக்க முடியுமா?"

அவரைக் குழப்பியது மொழிபெயர்ப்பு. மூலத்தில் இருந்தது 'யு.எஸ். டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ்'. டிஸ்ட்ரிக்ட் என்றால் மாவட்டம், ஜட்ஜ் என்றால் நீதிபதி என்று சொல்லுக்குச் சொல் வைத்ததில் பதவியே மாறிப்போனது.

'டிஸ்ட்ரிக்ட்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். இறுக்கிப் பிடிப்பது, தடுத்து வைப்பது என்பது அதன் வேர்ப்பொருள். இடைக்கால ஐரோப்பாவில் ஒரு பிரபுவின் ஆணை எதுவரை செல்லுமோ, யாரைப் பிடித்துத் தண்டிக்க அவருக்கு உரிமை உண்டோ, அந்த எல்லைக்கு 'டிஸ்ட்ரிக்டஸ்' என்று பெயர். ஜப்தி செய்வதைக் குறிக்கும் 'டிஸ்ட்ரெய்ன்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். இதைச் சொன்னதும், "அப்போ நம்ம அமீனா வேலை" என்றார் பெரியப்பா, உடனே.

நம் 'மாவட்டம்' வேறு வழியில் வந்தது. வட்டம் என்பது தாலுகா. அதைவிடப் பெரியது மாவட்டம். அதற்கு முன் புழங்கிய 'ஜில்லா' அரபுச் சொல். அங்கே அதற்கு விலா எலும்பு, பக்கம் என்று பொருள். மாவட்டம், ஜில்லா இரண்டுமே நமக்குக் கலெக்டர் ஆளும் நிர்வாகப் பிரிவைத்தான் நினைவூட்டும். அமெரிக்காவில் அதற்கு நிகரானது கவுண்டி. அங்கே நீதிமன்ற டிஸ்ட்ரிக்ட் என்பது நீதிமன்றத்துக்காக மட்டும் போட்ட கோடு. வாஷிங்டன் மாநிலத்தில் 39 கவுண்டிகள், ஆனால் டிஸ்ட்ரிக்ட் இரண்டே. கான்சஸின் 105 கவுண்டிகளும் சேர்ந்து ஒரே டிஸ்ட்ரிக்ட். 1789-ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டம் 13 டிஸ்ட்ரிக்ட்களோடு தொடங்கியது. இன்று நாடு முழுவதும் 94.

அதிகாரத்தைப் பார்த்தால் தூரம் இன்னும் கூடும். நம் மாவட்ட நீதிபதியை ஆளுநர் உயர் நீதிமன்றத்தைக் கலந்து நியமிக்கிறார். ஒரு சட்டம் செல்லாது என்று அவருக்குத் தோன்றினால் உயர் நீதிமன்றத்தின் கருத்துக்குத்தான் அனுப்ப முடியும். அமெரிக்காவின் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜை அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்ப வேண்டும். சாட்சியைக் கேட்பதும் ஜூரியை வைத்து வழக்கு நடத்துவதும் அவர்தான். நாடாளுமன்றச் சட்டத்தையே செல்லாது என்று சொல்லவும் செய்வார். நம்மூரில் ஒப்பு தேடினால், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடில், அதாவது மேல்முறையீடாக அல்லாமல் நேரடியாக வரும் வழக்குகளைக் கேட்கும் பிரிவில், அமரும் தனி நீதிபதி ஓரளவு பக்கத்தில் வருவார். (நாடு முழுவதற்கும் தடை போடும் வழக்கத்தை 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெகுவாகக் குறுக்கிவிட்டது.)

அமெரிக்க டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜுக்கு ஓய்வு வயதும் கிடையாது. 'நன்னடத்தை உள்ளவரை' பதவி என்கிறது அவர்களின் அரசியலமைப்பு. பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டி, செனட் தண்டித்தால்தான் நீக்கம். இதுவரை அப்படி நீக்கப்பட்டவர்கள் 8 பேர்தான், எல்லோரும் நீதிபதிகள். முதலாமவர் நியூ ஹாம்ப்ஷயரின் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் ஜான் பிக்கரிங், 1804-இல்.

கான்சஸின் வெஸ்லி பிரவுனை 1962-இல் கென்னடி நியமித்தார். 2012-இல் 104 வயதில் இறக்கும்வரை அவர் நீதிபதி. கடைசிக் காலத்தில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு இருக்கையில் அமர்ந்தார். ஆயுளோ நன்னடத்தையோ, இரண்டில் எதை முதலில் இழக்கிறேனோ அதுவரை எனக்குப் பதவி என்று சொல்வாராம்.

அவர் 1979 முதல் 'சீனியர் ஜட்ஜ்'. கூகனவரும் அப்படித்தான்: 1981-இல் ரீகன் நியமித்தவர், 2006 முதல் சீனியர், சியாட்டில் தடையை விதித்தபோது வயது 83. இதை 'மூத்த நீதிபதி' என்று எழுதினால் அடுத்த தவறு. தமிழில் அது பணிமூப்பைச் சொல்லும். அங்கே சீனியர் ஜட்ஜ் என்பது வேறு: 65 வயதும் 15 ஆண்டுப் பணியும் நிறைந்தவர், சம்பளத்தை விடாமல் வழக்குகளைக் குறைத்துக்கொள்ளலாம். அவர் இடத்துக்கு அதிபர் புதியவரை நியமிக்கலாம். வயது கூடக் கூட, தேவையான பணி ஆண்டுகள் குறையும். 70 வயதில் 10 ஆண்டு போதும். 'குறைபணி நீதிபதி' என்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜுக்கு? 'விசாரணை நீதிபதி' என்று சிலர் எழுதுகிறார்கள். போலீஸ் விசாரணை, விசாரணை கமிஷன் என்று ஏற்கெனவே பல சுமை தூக்கும் சொல் அது. வழக்கு முதலில் வந்து சேரும் இடம் என்பதால் 'கூட்டாட்சி முதல்நிலை நீதிபதி' என்பேன். 'கூட்டாட்சி'யை விடக்கூடாது; டெக்சாஸ் போன்ற மாநிலங்களில், மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநில நீதிபதிக்கும் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் என்றே பெயர்.

தலைப்பில் இடம் போதாது என்று உதவி ஆசிரியர்கள் சொல்வது நியாயம்தான். அங்கே 'ஃபெடரல் நீதிபதி' என்று போட்டாலே போதும். பெரியப்பாவிடம் அப்படிச் சொன்னபோது, "ஓ, சென்ட்ரல் கவர்ன்மெண்ட் ஜட்ஜா!" என்று சட்டென்று பிடித்துக்கொண்டார்.