வயிற்றில் குத்துக்காயம்: எந்தத் தமனியை அடைக்கலாம், எதை அடைக்கக் கூடாது?

கத்தி இறங்கியவரையோ மாட்டுக் கொம்பு ஏறியவரையோ கொண்டுவரும் உறவினர்கள், "வயித்தைத் திறக்காம தொடை வழியா பண்ண முடியாதா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். தொடைத் தமனி வழியே குழல் விட்டு, ரத்தம் கசியும் தமனியை உள்ளிருந்தே அடைக்க முடியும், ரத்த அழுத்தம் சரியாமல் நிலையாக நின்றால். ரத்தம் ஏற்றியும் அழுத்தம் சரிந்துகொண்டே போனால் சி.டி. அறைக்குக்கூட எடுத்துப்போகக் கூடாது. திறந்தே ஆக வேண்டும்.

அழுத்தம் நிலையாக நிற்பவருக்கு சி.டி. ஆஞ்சியோகிராம், அதாவது சாயமருந்து செலுத்தி ரத்தக்குழாய்களை எடுக்கும் படம். சாயமருந்து தமனிக்கு வெளியே சிந்துகிறதா, கிழிந்த இடத்தில் பை போல ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று அதில் தெரியும். பிறகு தொடை இடுக்கை மரத்துப்போகச் செய்து, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி தமனியில் ஊசி, அதன் வழியே கம்பி, கம்பியின் மேல் 2 மி.மீ.க்கும் குறைந்த உள்விட்டமுள்ள குழல்.

சிக்கலே இதற்குப் பிறகுதான். கல்லீரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையில் வருவதால், தமனிக் கிளையை காயில் (மெல்லிய கம்பிச் சுருள்) வைத்து அடைத்தாலும் பெரும்பாலும் தாங்கும். சிறுநீரகத்துக்கு அந்த மாற்றுவழி இல்லை. அடைத்த கிளைக்குரிய பகுதி செத்துவிடும். அதனால் மைக்ரோகதீட்டர் என்ற மிக மெல்லிய குழலைக் காயத்தின் வாய் வரை கொண்டுபோய் அங்கே மட்டும் அடைப்போம். சிறுகுடலை ஊட்டும் பெரிய தமனியின் தண்டை அடைப்பது குடலையே அழுகவிடுவது. அங்கே உறை போர்த்திய ஸ்டென்ட் வேண்டும்; கிழிசலை உள்ளிருந்து மூடி, ரத்தத்தை ஓடவிடும் வலைக்குழல் அது. சிறிதாகத் தேர்ந்தெடுத்தால் ஓரத்தில் கசியும்.

காயிலில் நேரும் பெரிய பிழை, முன்வாசலை மட்டும் பூட்டுவது. இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் இடையே ஓடும் தமனி போன்றவற்றில் இரு பக்கமிருந்தும் ரத்தம் வரும். காயத்தைத் தாண்டி முதல் காயில், பிறகே இந்தப் பக்கம். முறை மாறினால் பின்வாசல் வழியே கசிவு தொடரும். நாம் நுழையும் பாதையை நாமே அடைத்திருப்போம்.

குடலில் விழுந்த ஓட்டையை இந்தச் சிகிச்சை சரிசெய்யாது. காய்ச்சல் வந்தாலோ வயிறு பலகை போல இறுகினாலோ அறுவை சிகிச்சை தேவைப்படும். மலம் கசிந்த வயிற்றில் வைத்த ஸ்டென்ட்டில் கிருமி தொற்றும் ஆபத்தும் உண்டு.

வீடு திரும்பியவர்கள் கவனிக்க: தையல் ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்தும் கிழிந்த தமனியில் தேங்கிய ரத்தப்பை வெடிக்கலாம். சிறுநீரகக் காயமென்றால் சிறுநீரில் ரத்தம். கல்லீரலென்றால் வலது விலாவுக்குக் கீழே வலி, மஞ்சள் காமாலை, கறுத்த மலம். கல்லடைப்பு, வயிற்றுப்புண் என்று நினைத்து மாத்திரை வாங்கி நாள் கடத்துவதுண்டு. அவசரப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டியது பழைய குத்துக்காயத்தை.